திடமானவளை வைத்துக்கொண்டார்கள்

என் முகத்தோடு பிறந்த அக்காவுக்கு,

உன் கருமாதி முடிந்து பதுளைக்குத் திரும்பிவிட்டேன். உடம்பெல்லாம் அலுப்பு. ரயில் இப்போது இங்கே வரைக்கும் வருகிறது. நீதான் ஒரு தடவைகூட ஏறவில்லை.

அப்புத்தளையில் இறங்கி உங்கள் தேயிலைத் தோட்டத்துக்கு நடந்து வந்தபோது, லயத்து வீட்டு வாசலில் நின்ற பக்கத்துக் காம்பராக்காரி என்னைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டாள். செத்தவள் வருகிறாள் என்று நினைத்திருப்பாள். அவளைச் சொல்லிக் குற்றமில்லை. நமக்கு ஒரே முகம், ஒரே குரல், சிரித்தால் ஒரே கன்னத்தில் குழி.

அப்புறம் லயத்துச் சனங்களின் வழக்கமான பேச்சு. "தங்கச்சிக்கு மூளை, அக்காளுக்கு உழைப்பு. பொறக்கும்போதே எழுதிப்புட்டான்." கேட்டுக் கேட்டுச் சலித்துவிட்டது அக்கா. பிள்ளையில்லாத அத்தை பதுளையிலிருந்து வந்து இரட்டையில் ஒன்றைக் கேட்டபோது, அம்மா என்னைக் கொடுத்தது ஏன் என்று உனக்குத் தெரியும். நான் சளிப்பிள்ளை, கூடை தூக்கமாட்டேன். நீ திடமானவள், அதனால் உன்னை வைத்துக்கொண்டார்கள். நான் பள்ளிக்கூடம் போய் வாத்தியாரம்மா ஆனேன், நீ பெரட்டுக்குப் போனாய். விடியுமுன் பேர் கூப்பிடும் அந்தப் பெரட்டில் யாருக்கு என்ன மூளை என்று யார் கேட்டார்கள்?

பள்ளிக்கூடத்தில் தினமும் பார்க்கிறேன். வயிறு நிறையச் சாப்பிட்டு, விளக்கு வைத்துப் படிக்கிற கடைவீதிப் பிள்ளைகளில் ஒருத்தி சட்டென்று பிடித்துக்கொள்கிறாள். இன்னொருத்திக்கு ஏறவே மாட்டேன் என்கிறது. அது பிறவியில் வந்ததுதான், ஒப்புக்கொள்கிறேன். உங்கள் லயத்துப் பிள்ளைகளிடமும் அந்த வித்தியாசம் இருக்கத்தானே வேண்டும்? ஆனால் எல்லோர் முதுகிலும் ஒரே கூடை. வெளியே தெரிய வழியேது?

மச்சானிடம் உன் பெண்கள் இரண்டு பேரையும் என்னோடு அனுப்பச் சொல்லிக் கேட்டேன். பெரியவளுக்குத் திங்கட்கிழமை தோட்ட வேலைக்குப் பேர் பதியப்போகிறார்களாம்.

"படிப்பெல்லாம் ஏறுமா அதுகளுக்கு?" என்றார்.

"ஏறுமோ ஏறாதோ, படிக்க வச்சுப் பாத்தாத்தானே மச்சான் தெரியும்?"

பிறகு சொன்னார்: "சின்னவளக் கூட்டிட்டுப் போங்க. அவளுக்கு இழுப்பு, மலை ஏறமாட்டா. பெரியவ நல்லாக் கூடை தூக்குவா."

எனக்கு எப்படி இருந்திருக்கும், சொல்லு? அம்மா சொன்னதையே இவரும் சொல்கிறார். கோபப்படக்கூடத் தெம்பில்லை. நல்ல மனுஷன்தான். நீயும் போன பிறகு ஒருத்தர் சம்பளத்தில் தோட்டத்துக் கடன் எப்படி அடையும்? மல்லுக்கட்டிப் பார்த்தேன், மசியவில்லை.

சின்னவள் என் பக்கத்தில் உட்கார்ந்து சிலேட்டில் கிறுக்கிக்கொண்டிருக்கிறாள். இவளுக்குப் படிப்பு வருமா என்று இன்னும் தெரியாது. பெரியவள் ரயிலடி வரைக்கும் எங்கள் மூட்டையைத் தலையில் சுமந்து வந்தாள். அழவில்லை. வண்டி கிளம்பும்போது ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, "சின்னம்மா, நானும் உங்க மாதிரியேதானே இருக்கேன்?" என்றாள். நான் வாய் திறப்பதற்குள் வண்டி நகர்ந்துவிட்டது.

அவளுக்குச் சொல்லவேண்டியதை உன்னிடம் சொல்லிவைக்கிறேன். அடுத்த பள்ளி விடுமுறைக்கு மறுபடியும் தோட்டத்துக்கு வருவேன். மச்சான் மறுத்தால் அதற்கடுத்த விடுமுறைக்கும் வருவேன். இந்தத் தடவை திடமானவளையும் கேட்டு வாங்காமல் விடமாட்டேன்.

சளிப்பிள்ளையாய் இருந்ததால் படித்த,
உன் தங்கச்சி