பின்சீட்டில் அரிசி மூட்டை

ருக்கியா,

பிராட்வே கடைக்குக் கிளம்புகிறேன். சாயா போட்டு மூடி வைத்திருக்கிறேன், ஆறுவதற்குள் குடி.

கார் உதறுகிறது என்று நீ சொன்னாய். உனக்குப் பிரமை என்று நான் சொன்னேன். அன்றிலிருந்து வீட்டில் பேச்சே இல்லை. நான் தனியாக ஓட்டினால் உதறவே இல்லையே, என்ன செய்ய? மெக்கானிக் செல்லையாவும் முன்சீட்டில்தான் உட்கார்ந்து பார்த்தார். திரை போட்ட பின்சீட்டு பெண்கள் இடம் என்று அவருக்குக் கூச்சம். நேற்று எரிச்சலில் அங்கே இரண்டு அரிசி மூட்டையைத் தூக்கிப் போட்டேன். பாலம் ஏறும்போதே உதறியது. அப்படியே செல்லையாவிடம் கொண்டுபோனேன்.

"பின்னால பாரம் ஏறினாத்தான் தெரியுது பாய். பின்சக்கரத்துக்குப் போற தண்டுல ஜாயிண்ட் தேஞ்சிருக்கு" என்றார். மாற்றியும் கொடுத்துவிட்டார்.

ஜும்ஆ தொழுகை முடிந்து வருவேன், புறப்பட்டு இரு. தேவரா வரை போய்வரலாம். பேசப் பிடிக்காவிட்டால் பேச வேண்டாம், பின்னால் உட்கார்ந்தால் போதும்.

பி.கு. மூட்டையோடு ஓட்டிப் பார்த்தாயிற்று, உதறவில்லை. ஆனாலும் நீ உட்கார்ந்து சொன்னால்தான் நம்புவேன்.

மூட்டையை இன்னும் இறக்கவில்லை. பின்னால் யாரோ இருக்கிற மாதிரி இருக்கிறது. நீ வருவதானால் இறக்கிவிடுகிறேன்.