துரை பங்களாவில் நான் கேட்ட மன்னிப்பு

இன்று மதிய இடைவேளையில், என்னோடு வேலை செய்யும் நோர்வேஜியப் பெண் கைபேசியை என் முன்னே நீட்டினாள். விடுமுறைக்கு இலங்கைக்குப் போய் வந்திருக்கிறாள். காணொளியில், தேயிலைத் தோட்டத்து நடுவே அருங்காட்சியகமாக வைத்திருக்கும், நீயும் நானும் போன அந்தத் துரை பங்களா. சாப்பாட்டு மேசையில் இருக்கும் பித்தளை மணியை அவளுடைய கணவன் சிரித்தபடி ஆட்டுகிறான். அந்தச் சத்தத்தைக் கேட்டதும் எழுந்து வெளியே வந்துவிட்டேன். நீ செத்துப்போய் இரண்டு வருடமாகிறது, தோழி. என் கோபம் இன்னும் ஆறவில்லை.

உன் அம்மா அந்தப் பங்களாவில்தான் வேலை செய்தவர் என்று எனக்குச் சொல்லவே உனக்குப் பல வருடங்கள் எடுத்தன. ஒஸ்லோவின் ஹவுகெட்டோவில் ஒரே கட்டடத்தில் இருந்தோம். ஒரே முதியோர் இல்லத்தில் நிலம் துடைத்தோம். ஆனாலும் எங்கள் யாழ்ப்பாணத்து ஆட்கள் உங்கள் மலையகத்து ஆட்களைத் "தோட்டக்காட்டார்" என்று இளக்காரமாகச் சொல்வதை நீ கேட்டிருக்கிறாய். என் வாயிலிருந்தும் கேட்டிருப்பாய்.

அம்மா இருந்த இடத்தைப் பார்க்க வேண்டும் என்று நீ ஆசைப்பட்டபோது நானும் கூட வந்தேன். துரையின் தொப்பி, துரைசானியின் பியானோ, அவர்கள் வளர்த்த நாயின் படம். நாயின் பெயரைக்கூட எழுதி வைத்திருந்தார்கள். சமையல் நடந்த குசினியின் வாசலில் தொங்கிய படத்தில் ஐந்து பேர். நடுவில் உன் அம்மா. கீழே "வேலைக்காரர்கள்" என்று மட்டும் இருந்தது.

வழிகாட்டிப் பெண் மணியை எடுத்து, யாராவது அடித்துப் பாருங்கள் என்றாள். ஒரு சுற்றுலாப் பயணி கையை நீட்டினார். நீ பாய்ந்து மணியின் நாக்கை இறுக்கிப் பிடித்தாய்.

"இந்தச் சத்தம் கேட்டா, பால் குடிச்சிக்கிட்டிருக்க என்னையக் கீழ போட்டுட்டு எங்கம்மா ஓடணும். இது ஒங்களுக்கு வெளையாட்டா?"

எல்லோரும் எங்களைப் பார்த்தார்கள். எனக்கு வெட்கமாகிவிட்டது. அந்தப் பெண்ணிடம் சொன்னேன்: "அவாவுக்குச் சுகமில்லை. குறை நினையாதேங்கோ."

நீ மணியை விட்டாய். என்னைத் திரும்பிப் பார்த்தாய். கோபமாகப் பார்த்திருந்தால் தாங்கியிருப்பேன். என்னிடம் இதைத்தான் எதிர்பார்த்தவள்போலப் பார்த்தாய். யாரோ ஒருத்தியிடம் உனக்காக மன்னிப்புக் கேட்ட நான், ஒஸ்லோவுக்கு வந்த பிறகும் உன்னிடம் கேட்கவேயில்லை. பிறகு ஆஸ்பத்திரி, பிறகு நீ இல்லை.

வேலை முடிந்து வந்ததும் அந்த அருங்காட்சியகத்துக்குக் கடிதம் எழுத உட்கார்ந்தேன். மரியாதை பாராமல் எழுதினேன். குசினி வாசலில் இருக்கும் படத்தில் நடுவில் நிற்பவருக்கு ஒரு பெயர் இருக்கிறது, அதை எழுதி வையுங்கள் என்றேன். அடுத்த வரியில் பேனா நின்றுவிட்டது.

உன்னைப் பெற்றவரின் பெயர் எனக்குத் தெரியாது. இத்தனை வருடத்தில் ஒருநாள்கூட நான் கேட்டதில்லை.