மொம்பாசாவில் பத்து நாள்

10 மார்ச் 1997, திங்கள்

அப்பாவின் கடிதத்தில் முதலில் கண்ணில் பட்டது தபால் முத்திரைதான். மொம்பாசா. எப்போதும் நைரோபி என்றிருக்கும். மிஷன் வான் மாதம் ஒருமுறை அங்கே போய்த்தான் கடிதங்களைப் போடும்.

அம்மாவுக்கு இன்னும் கையை உயர்த்த ஏலாது. ஒப்பரேஷன் தையல் இழுக்கிறது. "நீயே உடைச்சு வாசி," என்றார். ஐந்து தாள். மூன்றாம் தாளுக்கு வந்ததும் வாசிப்பதை நிறுத்திவிட்டேன். ஏன் நிற்பாட்டினாய் என்று அம்மா கேட்கவில்லை.

11 மார்ச்

மறக்காமல் இருக்க எழுதி வைக்கிறேன். அப்பா கென்யாவின் வடக்கே ஊழியத்துக்குப் போய் இரண்டு வருடம். அம்மாவின் ஒப்பரேஷனுக்கு வருவேன், ஆறு கிழமை, ஒன்றரை மாதம், நிற்பேன் என்றார். ஜனவரியில் போன் எடுத்து, "இஞ்ச ஆளில்லை பிள்ளை, ஒருநாள்கூட விட்டிட்டு வர ஏலாது" என்றார். அதனால் அம்மாவைப் பார்க்க நான் பதினோராம் வகுப்பை விட்டேன். ஈஸ்டர் வரை உன் இடத்தை வைத்திருப்போம் என்று டீச்சர் சொன்னார்.

இப்போது கடிதத்தின் மூன்றாம் தாளில் எழுதியிருக்கிறார். ஆறு கிழமை வீட்டுக்குப் போகலாம், அல்லது பத்து நாள் மொம்பாசாவில் ஓய்வெடுத்துவிட்டு வேலைக்குத் திரும்பலாம் என்று மிஷனில் சொன்னார்களாம். இவர் ஊழியத்துக்காக வீட்டு விடுமுறையைத் தியாகம் செய்தாராம்.

தியாகம்.

நாலாம் தாள் முழுக்க மொம்பாசாதான். தெருவுக்கு மேலே யானைத் தந்தம் போல வளைவுகள். பித்தளைப் பாத்திரத்தில் கோப்பி விற்கிறவர். மிளகாய்த்தூள் போட்ட மாங்காய். பெப்ரவரி பதினெட்டாம் திகதி பின்னேரம் பழைய கோட்டை மதிலில் இருந்து கடலைப் பார்த்தாராம், நெஞ்சுப் பாரமெல்லாம் இறங்கியதாம். பதினெட்டாம் திகதி பின்னேரம் ஒப்பரேஷன் முடிந்து அம்மாவுக்கு மயக்கம் தெளியவில்லை. நான் ஆஸ்பத்திரிக் கதிரையில் இருந்தேன். எனக்குப் பதினாறு வயது.

15 மார்ச், சனி

அப்பாவின் கையெழுத்து எங்கள் இருவரையும் தவிர ஒருவருக்கும் விளங்காது. அம்மாதான் எப்போதும் அழகாகப் பிரதி எடுத்து, தமிழ் ஆராதனையில் வாசிப்பார். இந்த முறை நான். பாஸ்டர் அரியரத்தினம் சொல்லிவிட்டார்.

எழுத இருந்தபோது அம்மா சொன்னார், "மூண்டாம் நாலாம் தாளை விட்டிட்டு எழுது. சனம் பிழையா விளங்கும்."

"நீங்களும் முந்தி இப்பிடித்தான் விட்டனீங்களோ?"

அம்மா மூன்றாம் தாளைத் திருப்பி வைத்தார். பிறகு, "உன்ர அப்பாவால எங்களை நாலு பேர் மதிக்கினம். என்னட்ட வேற என்ன இருக்கு, பிள்ளை?"

விட்டு எழுதினேன். ஐந்து தாள் மூன்றானது.

23 மார்ச், குருத்தோலை ஞாயிறு

வாசித்தேன். "ஊழியத்தை விட்டு வர முடியாத நிலையில் என் மனைவிக்காக ஜெபியுங்கள்" என்ற இடத்தில் முன் வரிசையில் இருந்த கிரிஜா அன்ரி மூக்கைத் துடைத்தார். முடிந்ததும் பாஸ்டர் எழுந்து, இரண்டு வருடம் ஓய்வில்லாமல் உழைக்கிற மனுசன், பத்து நாளாவது லீவு குடுங்கோ என்று மிஷனுக்கு எல்லாரும் சேர்ந்து எழுதுவோம் என்றார். எல்லாரும் கை உயர்த்தினார்கள். அம்மாவும் ஏலாத கையைக் கொஞ்சம் உயர்த்தினார்.

தேநீர் நேரத்தில் அன்ரி என் கன்னத்தைத் தடவினார். "எங்கட வீட்டு மனுசன் புளூ மவுண்டன் மலை பாத்திட்டு வந்தே ரெண்டு நாள் படுத்திடுவார். உன்ர அப்பா, சீ, மனுசனில்லை, தெய்வம்."

நான் சிரித்தேன். எனக்கு அது மட்டும்தான் வரும்.

29 மார்ச்

அப்பா போன் எடுத்தார். நல்லா வாசிச்சியாம், பாஸ்டர் சொன்னவர் என்றார். பள்ளிக்கூடத்தைப் பற்றிக் கேட்டேன்.

"பள்ளிக்கூடம் எங்க ஓடப்போகுது? அம்மாவைப் பாக்கிறதும் ஊழியம்தான்."

"ஓம். மொம்பாசாவில நல்ல வெயிலோ அப்பா?"

லைன் சரியில்லை, வைக்கிறன் என்றார்.

30 மார்ச், ஈஸ்டர்

நாங்கள் இருக்கிற வெஸ்ட்மீட் முழுக்க மழை. நாங்கள் கோயிலுக்குப் போகவில்லை. டீச்சர் சொன்ன தவணை இன்றோடு முடிந்தது.

1 ஏப்ரல், செவ்வாய்

அப்பாவின் மிஷனுக்குச் சபை சேர்த்த பழைய உடுப்புப் பெட்டி ஒரு மாதமாக எங்கள் வீட்டு ஹோலில்தான் கிடக்கிறது. நாளைக்குக் கப்பலுக்குப் போகும். பெட்டிகளை என் கையாலேயே பிரித்து, ஒவ்வொன்றாகப் பார்த்துக் கொடுக்கிறேன் என்று அப்பா எழுதுவார்.

என் பள்ளிக்கூடச் சட்டையைத் தோய்த்து, அயர்ன் பண்ணி, பிரதியில் எழுதாமல் விட்ட இரண்டு தாளையும் அதன் பொக்கற்றுக்குள் மடித்து வைத்தேன். எல்லாவற்றுக்கும் மேலே அதை வைத்துப் பெட்டியை ஒட்டினேன்.