அப்பா என்ற பெயரில் ஓடிய படங்கள்

9 ஜூலை, புதன்

காலையிலிருந்தே புழுக்கம். மதியம் இருட்டிக்கொண்டு வந்தது. மொட்டை மாடிக்கு ஓடித் துணியெல்லாம் எடுத்த பிறகு நாலு தூறல், அவ்வளவுதான். அம்பத்தூருக்கு மட்டும் இப்படி. ஆவடியில் நல்ல மழையாம்.

புதன் எனக்கு மதியத்துக்கு மேல் வகுப்பு இல்லை. சாப்பிட்டு, ஹாலில் திரையை இழுத்துவிட்டு, டி.வி.யில் 'அப்பா' என்ற பெயரைத் திறந்து, மறுபடியும் அந்த அண்ணன் தம்பி படம். எத்தனையாவது தடவை என்று இங்கேகூட எழுத மாட்டேன். அண்ணன், தம்பியின் மடியில் சாகும் இடத்தில் நிறுத்திவிட்டேன். அதற்கு மேல் எனக்குத் தேவையில்லை.

ஊருக்குச் சொல்லும் ரசனை: வசனம் குறைவு. பின்னணி இசை கூடவே கூடாது. பனி பெய்யும் ஊர், நடந்துகொண்டே இருக்கும் ஆள். முடிவு என்று தெரியாத முடிவு.

உள்ள ரசனை: தங்கைக்குச் சீர் கொண்டுவரும் அண்ணன். கோர்ட்டில் கதறும் தாய். மழையில் வெளியே தள்ளப்பட்ட மருமகள். டப்பிங் படம் என்றாலும் சரி. உதடு ஒரு பக்கம், குரல் ஒரு பக்கம், அப்போதும் கண்ணீர் வருகிறது. அதுதான் கேவலம்.

எங்கள் ஓ.டி.டி. கணக்கில் மூன்று பெயர். மகள் யாழினி பெங்களூருக்கு வேலைக்குப் போகும் முன் அவளே போட்டுத் தந்தது: அம்மா, அப்பா, யாழ். 'அம்மா'வில் இந்தப் படங்களைப் போட முடியாது. கல்லூரித் தோழி பத்மாவிடம் பாஸ்வேர்ட் இருக்கிறது, அவள் திறப்பது அந்தப் பெயரைத்தான். எங்கள் ஞாயிறு சினிமா வட்டத்தில் ஆறு பேரும் ஒருத்தர் கணக்கில் ஒருத்தர் படம் பார்ப்பது வழக்கம். எல்லாம் கல்லூரி ஆட்கள். யார் எதைப் பார்த்தார்கள் என்பதும் தெரிந்துவிடும். அதனால் அழுகைக்கெல்லாம் அவர் பெயர். அவர் அந்தப் பக்கமே வருவதில்லை. கிரிக்கெட், செய்தி, தூக்கம்.

ஏழு மணிக்கு எஸ்டேட் ஃபேக்டரியிலிருந்து வந்தார். என் கண்ணைப் பார்த்து, "வெங்காயமா?"

"ஆமா."

ராத்திரிக்கு ரசமும் அப்பளமும்.

10 ஜூலை, வியாழன்

இன்டர்னல் பேப்பர் பாதி திருத்தியாயிற்று. மூன்றாம் வருடப் பிள்ளைகளுக்கு வகைக்கெழு இன்னும் புரியவில்லை. யார் தப்பு என்று யோசிக்கவில்லை.

ஷேர் ஆட்டோவில் பக்கத்தில் ஒரு பெண். மடியில் பூக்கூடை, கையில் போன், அதில் ஏதோ பழைய படம், முழுச் சத்தத்தில். கண்ணில் தாரை தாரையாக.

டிரைவர்: "யக்கா, சவுண்ட கொற. பின்னாடி லாரி ஹாரன் அட்சா கூட கேக்க மாட்டன்து."

"இன்னா நைனா நீ, அந்தப் பொண்ண ஊட்ட விட்டுத் தொரத்திகினு கீறானுங்க, இப்ப போயி சவுண்டு கிவுண்டுன்ற. உனுக்கு அழுவாச்சி வர்லியா?"

"டீசல் போட்டுட்டு டெய்லி அழுவுறேன், போதாதா?"

எல்லோரும் சிரித்தார்கள். நான் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தேன். அது நான் பார்த்த படம். அந்தப் பெண்ணை யார் திரும்பக் கூட்டிவருவார்கள் என்று எனக்குத் தெரியும். சொல்ல நாக்கு துடித்தது. சொல்லவில்லை.

சாயங்காலம் யாழினி போன். குரலைத் தாழ்த்திக்கொண்டு.

"அம்மா, அப்பா பக்கத்துல இருக்காரா?"

"குளிக்கிறார். என்ன?"

"தெரியாம அப்பா ப்ரொஃபைல்ல போயிட்டேன்மா. முழுக்க அழுகைப் படம். ஒரு அண்ணன் தம்பி படம் இருக்கு, அதையே திரும்பத் திரும்பப் பாக்கிறார். அண்ணன் சாகிற எடத்துல நிக்குது. பெரியப்பா போனப்ப அப்பா அழவே இல்லல்ல? இப்ப யாருக்கும் தெரியாம உக்காந்து அழறார்மா. உனக்குத் தெரியுமா?"

அந்த நொடியில் சொல்லியிருக்கலாம். ஒரு வரி. 'அது நான்டி.' சிரித்திருப்பாள், முடிந்திருக்கும்.

"தெரியலையேடி" என்றேன்.

"நீ எதுவும் கேக்காத. நானே பேசறேன்."

அவருடைய அண்ணன் இறந்தது பொங்கல் கழிந்து. தென்காசியில், நெஞ்சுவலி. இவர் போனார், எல்லாம் செய்தார், பதினாறாம் நாள் காரியம் முடிந்து வந்த மறுநாளே ஷிப்ட்டுக்குக் கிளம்பிவிட்டார். திடமான மனுஷர் என்று பத்மாவிடம் பெருமையாகச் சொன்னது ஞாபகம்.

11 ஜூலை, வெள்ளி

பால்காரருக்கு நாளை முதல் அரை லிட்டர் போதும் என்று சொல்ல வேண்டும்.

யாழினி அவரைக் கூப்பிட்டுவிட்டாள். நான் ஹாலில் பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தேன். அவர் பக்கத்துப் பேச்சு மட்டும் காதில் விழுந்தது.

"ம்... சொல்லும்மா."

"இல்லம்மா, நல்லாத்தான் இருக்கேன்."

 என் பக்கம் ஒரு பார்வை. கத்தியைக் கீழே வைத்துவிட்டேன்.

"ஆமா" என்றார். "அப்பப்ப. அழுகை வரத்தான் செய்யுது." எழுந்து பால்கனிக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

ஆக, அவருக்குத் தெரியும். எப்போதோ கண்டுபிடித்திருக்கிறார், என்னிடம் மூச்சுவிடவில்லை. இப்போது பெண்ணிடமும் காட்டிக்கொடுக்காமல் பழியைத் தானே ஏற்றுக்கொள்கிறார். எனக்குக் காது மடல் வரை சூடு. நன்றி சொல்லலாம் என்றால், எதற்கு என்று சொல்ல வேண்டும். தோசை வார்த்தேன். ஒன்று அதிகம் போட்டேன். அதையும் சாப்பிட்டார்.

13 ஜூலை, ஞாயிறு

வட்டம் இந்த மாதம் எங்கள் வீட்டில். முறுக்கு வாங்கியது, ஹால் பெருக்கியது, டி.வி.யில் 'அம்மா' பெயர் முன்னால் நிற்கிறதா என்று மூன்று தடவை பார்த்தது.

படம்: மனைவியைப் புதைத்துவிட்டு வந்த கிழவர் ஒருத்தர் அடுப்பைத் துடைக்கிறார், கோட்டை மாட்டுகிறார், கழற்றுகிறார். இரண்டு மணி நேரம். முடிந்ததும் ஆளுக்கு ஒரே ஒரு வாக்கியம் சொல்ல வேண்டும், இடையில் யாரும் பேசக் கூடாது என்பது வட்டத்தின் விதி. கடைசியாக என் முறை வந்தது.

"கண்ணீரைப் பிச்சை கேட்காத படம்."

பத்மா தொடையில் தட்டினாள். "இதை எழுதி வெச்சுக்கோங்கப்பா. மேடம் மேடம்தான்."

அவர் டீத் தட்டோடு வாசற்படியிலேயே நின்றிருந்தார். கடைசிப் பத்து நிமிஷம் படத்தை நின்றபடி பார்த்தார் போல.

பத்மா: "என்ன சார், உங்களுக்கு இதெல்லாம் கொட்டாவி வருமே? ஃபைட்டு இல்ல, பாட்டு இல்ல."

"இல்லைங்க" என்றார். "அந்தப் பெரியவர் அழாம இருக்கார் பாத்தீங்களா, அது ரொம்பக் கஷ்டம். உடம்பு வலிக்கும்."

 யாரோ முறுக்கைக் கடித்த சத்தம். எனக்கு அவரை நினைத்துக் கூச்சமாக இருந்தது, எழுதவே வெட்கம்: இவர் ஏன் இவர்கள் முன்னால் இப்படி வெகுளியாகப் பேசுகிறார் என்று. "டீ ஆறுது, குடுங்க" என்று தட்டை வாங்கிக்கொண்டேன்.

15 ஜூலை, செவ்வாய்

தினமும் சாயங்காலம் பால்கனியில் அப்பாவும் பெண்ணும். அரை மணி, சில நாள் கூடவும். கண்ணாடிக் கதவு வழியாக முதுகு மட்டும் தெரிகிறது. இன்று தோள் குலுங்கியது. அதைப் பார்த்துக்கொண்டே நான் நினைத்தது: நடிப்பு கொஞ்சம் மிகை. தோளைக் குலுக்காமல் விட்டிருக்கலாம்.

அப்படித்தான் நினைத்தேன். மாற்றி எழுதவில்லை.

உள்ளே வந்ததும் பாத்ரூம் போய் முகம் கழுவினார். "என்ன சொல்றா?" என்றேன், என் பங்குக்கு ஒரு சின்னச் சிரிப்போடு, நமக்குள் தெரியும் என்பது மாதிரி. அவர் சிரிக்கவில்லை. "சனிக்கிழமை வாரா" என்றார்.

அதன் பிறகுதான் யாழினி எனக்கு மெசேஜ். லீவு கேட்டு மேனேஜரோடு சண்டையாம். அடுத்த வாரம் வெளிநாட்டு ஆட்கள் வருகிறார்களாம், இவள்தான் அவர்களுக்கு எல்லாம் விளக்க வேண்டியது, அதை வேறு ஒருத்திக்குக் கொடுத்துவிட்டார்களாம். "பரவால்லம்மா. அப்பாதான் முக்கியம்."

ஒரு வருடமாக அந்த வாய்ப்புக்குக் காத்திருந்தவள். என் மதியத் தூறலுக்காக அதை விட்டிருக்கிறாள்.

16 ஜூலை, புதன்

மதியம் சும்மா. டி.வி. போடவில்லை. பேப்பர் மிச்சமும் திருத்தினேன். கீழ்வீட்டு அம்மா வந்து கேட்டாள், "இன்னா டீச்சர், புதங்கெழம ஆச்சுன்னா உங்க ஊட்ல படம் ஓடுற சத்தம் கேக்குமே, இன்னிக்கி கரன்ட்டு இல்லியா?"

கட்டடத்துக்கே தெரியும் போல. என் மாதிரி ஆட்கள் மறைத்து வைக்கிற லட்சணம்.

நாளை யாழினியிடம் சொல்லிவிட வேண்டும். எப்படி என்று ஒத்திகை பார்த்தேன். நகைச்சுவையாகச் சொன்னால் நல்லது.

17 ஜூலை, வியாழன்

சொல்லிவிட்டேன். கல்லூரி சைக்கிள் ஸ்டாண்டில் நின்று, போனில், அவளுடைய சாப்பாட்டு இடைவேளையில்.

"யாழ், அந்தப் படமெல்லாம் பாத்தது அப்பா இல்ல. நான்."

"என்னது?"

"நான்தான்டி. புதன்கிழமை மத்தியானம். என் பேர்ல பாத்தா பத்மாவுக்குத் தெரிஞ்சிடும்னு அப்பா பேர்ல."

முதலில் சிரித்தாள். நான் பயந்த அதே சிரிப்பு, ஆனால் தாங்க முடிந்தது. "நீயா! பின்னணி இசையே கூடாதும்பியே, அந்த நீயா!" பிறகு சட்டென்று நின்றது.

"அப்ப அப்பா எங்கிட்ட சொன்னதெல்லாம்?"

"எனக்காக நடிச்சார். அவருக்கு விஷயம் தெரியும். நீ படத்தைப் பத்திக் கேட்டதும், என்னைக் காட்டிக்கொடுக்க வேண்டாம்னு..."

"அம்மா, நான் படத்தைப் பத்திக் கேக்கவே இல்லையே. கூச்சப்படுவார்னு. பெரியப்பா ஞாபகமாவே இருக்கீங்களாப்பான்னு மட்டும்தான் கேட்டேன். அவரா சொன்னார்."

சைக்கிள் ஸ்டாண்டில் யாரோ ஒரு பையன் பூட்டைத் திறக்க முடியாமல் தட்டிக்கொண்டிருந்தான்.

அவர் அவளிடம் சொன்னவை. அவள் சொல்லச் சொல்ல நான் கேட்டவை. காலையில் ஃபேக்டரிக்கு முன்னால் ஒரு மரத்தடியில் வண்டியை நிறுத்துவாராம். ஹெல்மெட்டைக் கழற்றாமலே அழுவாராம். கண்ணாடியை இறக்கிவிட்டால் போகிறவர் வருகிறவருக்குத் தெரியாதாம். ஆறு மாதமாக.

"அம்மாகிட்ட சொல்லலாமேப்பான்னு கேட்டேன்" என்றாள்.

"என்ன சொன்னார்?"



"'வேண்டாம்மா, உங்க அம்மாவுக்கு அழுகிறது பிடிக்காது'ன்னார்."

இரண்டு மணி வகுப்பை எடுத்தேன். என்ன எடுத்தேன் என்று தெரியாது.

18 ஜூலை, வெள்ளி

நேற்றும் இன்றும் அவரிடம் கேட்கவில்லை. வாயைத் திறந்து, "மாவு தீந்துடுச்சு" என்கிறேன். "எலெக்ட்ரீஷியன் வந்தானா" என்கிறேன். காலையில் அவர் ஹெல்மெட் மாட்டுவதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். "என்ன?" என்றார். "ஒண்ணுமில்ல."

எத்தனை படத்துக்கு எத்தனை வாக்கியம் சொல்லியிருக்கிறேன்.

19 ஜூலை, சனி

வானம் மப்பு. யாழினி ரயில் சாயங்காலம். லீவைத் திருப்பிக் கொடுத்துவிடு என்றேன், கேட்கவில்லை. "இப்பதான்மா கண்டிப்பா வரணும்" என்றாள்.

அவர் மதியமே வந்துவிட்டார். கை கால் கழுவி ஹாலில் உட்கார்ந்தார். உலையில் அரிசி போட்டுவிட்டு வந்து, திரையை இழுக்காமல் டி.வி.யைப் போட்டு, 'அப்பா' பெயரைத் திறந்தேன். வரிசையாகப் படங்கள். தாலி, கண்ணீர், கோர்ட், கண்ணீர்.

"இது என்ன, என் பேர் போட்டிருக்கு?" நிஜமாகவே அவருக்குத் தெரியாது. "யாரு இதெல்லாம் பாக்கிறது?"

"நான்."

என்னையும் டி.வி.யையும் மாறி மாறிப் பார்த்தார்.

"அழுவியா?"

"அழுவேன்."

"அன்னிக்கு வெங்காயம்னியே."

"பொய்."

சிரிப்பார் என்று நினைத்தேன். ரிமோட்டை என் கையிலிருந்து வாங்கி டி.வி.யை அணைத்தார். மடியில் வைத்துக்கொண்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"யாழினி சொல்லிட்டாளா?"

"சொல்லிட்டா."

வெளியே தண்ணீர் லாரி ரிவர்ஸ் எடுக்கும் சத்தம். அது ஓயட்டும் என்று இருந்தார். பிறகு சொன்னார்: "அண்ணன் போறதுக்கு மொத வாரம் போன் பண்ணினான். 'ஏலே, ஒரு எட்டு வந்துட்டுப் போயேம்ல'ன்னான். ஃபேக்டரில ஆடிட்டு, முடிஞ்சு வாரேன்னு சொல்லி வச்சுட்டேன். அவன் வேற எதையோ சொல்ல வந்தான். நான் வச்சுட்டேன்."

எனக்குக் கண்ணீர் வரவில்லை. ஒரு சொட்டுகூட. மழையில் நின்ற மருமகள்களுக்கெல்லாம் வந்தது. கையைப் பிடிக்கத் தெரியாமல் அவர் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டேன். அவர் அழ ஆரம்பித்தார். சத்தமாக, மூக்கு ஒழுக, முகம் கோணி. எந்தப் படத்திலும் யாரும் அப்படி அழுது நான் பார்த்ததில்லை.

அரிசி அடிப்பிடிக்கும் வாசனை வந்தது.

"போய்ப் பாரு" என்றார், அழுகைக்கு நடுவிலேயே.

போகவில்லை. "நீங்க சொல்லுங்க" என்றேன்.