மூஞ்சியைப் பார்த்தே சொல்லிவிடும் உன் மாமியார்

என் உயிருக்கு உயிரான அக்கா சம்முவத்தாய்க்கு,

உன் மாமியார் இன்னும் கல்லுக்குண்டு மாதிரி இருக்கிறாள். பல்தான் போயிருக்கிறது, வாய் போகவில்லை. என்னையும் இந்த மம்சாபுரத்திலேயே கட்டிக்கொடுத்துவிட்டார்கள், தெரியுமா? உன் வீட்டுக்குப் பின் தெரு. தினமும் அவள் குரலைக் கேட்டுக்கொண்டுதான் சோறு தின்கிறேன். என்ன பாவம் செய்தேனோ போ.

அவளுடைய வித்தை உனக்குத் தெரியாததா? மாதாமாதம் தூரமாவதற்கு முந்தின நாட்களில் உனக்கு மார் கனத்து வலிக்கும், இடுப்பு ஒடியும், குமட்டும், பகலிலேயே கண் சொக்கும். ராஜபாளையத்தில் நம் வீட்டில் இருந்தபோதும் அப்படித்தான். அம்மா வெந்நீர் வைத்துக் கொடுத்து, "செத்த நேரம் படுட்டி, எல்லாம் சரியாயிரும்" என்பாள். அவ்வளவுதான் வைத்தியம். உன் மாமியாருக்கோ அது மசக்கை! உன் கழுத்துக்குழியை உற்றுப் பார்த்துவிட்டு வாசலுக்கு ஓடுவாள். "நரம்பு துடிக்குதுல்லா! எனக்கு எதுக்கு ஆஸ்பத்திரி? மூஞ்சியப் பாத்தே சொல்லிருவேன்."

ஒரு சித்திரையில் நீ மாங்காய் கடித்ததைப் பார்த்துவிட்டுத் தெருவுக்கே பால்கோவா கொடுத்தாளே. சித்திரையில் இந்தப் பக்கம் மாங்காய் கடிக்காத ஆள் உண்டா? உன் மாமனாரும்தான் உப்பும் மிளகாய்ப்பொடியும் தொட்டுத் தின்றுகொண்டிருந்தார். அவருக்கும் சேர்த்து வளைகாப்பு நடத்தியிருக்கலாம்.

அடுத்த வாரம் நீ பின்கட்டுக்குப் போய்விடுவாய். தூரமானவளுக்கு அந்த வீட்டில் மாட்டுக்கொட்டகையை ஒட்டி ஓர் இருட்டறை, தனித் தட்டு, தனிப் பாய். நீ அங்கே போனது தெருவுக்கே தெரியும். தன் வாக்குப் பொய்த்ததை அவள் ஒப்புக்கொள்வாளா? "கலைச்சுட்டாளே பாவி" என்று பழியை உன் தலையில் போடுவாள். வயிற்றில் இல்லாததை எப்படியம்மா கலைப்பது என்று அந்த வீட்டில் ஒரு ஆண்பிள்ளை கேட்கவில்லை. என் அருமை மச்சான், உன் புருஷன், "அம்மா சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்று சட்டையை மாட்டிக்கொண்டு டீக்கடைக்குப் போய்விடுவார். ஆம்பிளையாம் ஆம்பிளை!

இப்படிப் பல தடவை தெருவில் மூக்குடைபட்டதும் அவள் கட்சி மாறிவிட்டாள். "இவளுக்கு இது மாசாமாசம் நடக்குற கூத்து" என்று ஆரம்பித்தாள். அதன்பிறகு நீ வாந்தி எடுத்தாலும் கூத்து, தலை சுற்றினாலும் கூத்து.

அந்த ஞாயிற்றுக்கிழமை உனக்கு நினைவிருக்கிறதா? அப்போது எனக்குக் கல்யாணமாகவில்லை, பேண்டேஜ் துணி கம்பெனியில் வேலை. லீவு நாளாயிற்றே என்று உன்னைப் பார்க்க வந்தேன். நீ பின்கட்டில் சுருண்டு கிடந்தாய். தொடக் கூடாதென்று மாமியார் கத்தினாள். நான் உன் தலையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டேன்.

"ஏட்டி பேச்சி, இது வேற மாதிரி இருக்கு" என்றாய். "நாள் தள்ளிப் போயிருந்துச்சு. இப்ப கொஞ்சூண்டு படுது, அதுவும் கருப்பா. எப்பவும் தூரமானா மார் வலி விட்டுரும், இப்ப விடல. சோறு வடிக்கிற வாடையே ஆகல. வயித்துல ஒரு பக்கமா குத்துது."

"அப்ப புள்ளையாக்கா?"

"தெரியலட்டி. போயிப் பாத்தாத்தான தெரியும்? எவ கேக்கா நான் சொல்றத?"

அந்த வீட்டில் 'தெரியல' என்று சொல்லத் தெரிந்த ஒரே ஆள் நீதான். மற்றவர்கள் எல்லாம் தெரிந்த மேதைகள்!

நான் எழுந்துபோய்க் கேட்டேன். "அத்தே, ஸ்ரீவில்லிபுத்தூருக்குக் கூட்டிட்டுப் போவோம். மூத்திரத்த டெஸ்ட் பண்ணியே சொல்லிருதாகளாம்."

"கொமரிப்புள்ள பேசுற பேச்சா இது? மூத்திரத்தக் கொண்டுபோயி ஊரானுக்குக் காட்டணுமாக்கும்! தூரத்து வலிதான். மூஞ்சியப் பாத்தாலே தெரியுதே" என்றாள். இருட்டும் முன் வீடு போய்ச் சேரட்டும் என்று மச்சானை விட்டு என்னைப் பஸ் ஏற்றியும் விட்டாள். வயசுப்பெண்ணின் மானத்தில் என்ன ஒரு அக்கறை!

மறுநாள் மத்தியானம் நீ மயங்கி விழுந்தாய். தீட்டுக்காரியைத் தொடலாமா? நிலைப்படியில் நின்றபடியே உன் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டிருக்கிறாள். அங்கிருந்தே தண்ணீரை வீசித் தெளித்திருக்கிறாள். வேலைக்குப் போன மச்சானுக்கு ஆள் போய், அவர் வந்து தூக்கும்வரை நீ அந்தத் தரையிலேயே கிடந்தாய் அக்கா.

ஆஸ்பத்திரிக்கு நான் வந்து சேர்ந்தபோது உன் முகத்தை மூடியிருந்தார்கள். டாக்டரம்மா சத்தம் போட்டுக்கொண்டிருந்தார். "கரு கர்ப்பப்பைக்கு வராம குழாயிலயே தங்கி வெடிச்சிருக்கு. ரத்தம் பூரா உள்ளயே போயிருக்கு. வலிக்குதுன்னு சொன்ன அன்னைக்கே கூட்டிட்டு வந்திருந்தா காப்பாத்தியிருக்கலாமே!" மச்சான் தன் அம்மாவைப் பார்த்தார். அவள் வாயைத் திறந்து என்ன சொன்னாள் தெரியுமா? "நான் அப்பவே நெனச்சேன், மூஞ்சியில புள்ளத்தாச்சிக் களை இருந்துச்சு."

த்தூ! உன் பிணத்துக்கு முன்னால் நின்றும் அவளுக்குத் தன் வித்தைதான் பெரிதாக இருந்தது. அன்றைக்கு நான் அழவில்லை. அவளுக்கு எதிரில் அழுதால் அதற்கும் ஒரு குறி சொல்லுவாள்.

இப்போது எதற்கு இதெல்லாம் என்கிறாயா? உன் காலத்தில் அரைக்கால்சட்டை போட்டுத் திரிந்த உன் கொழுந்தனுக்குப் போன வருஷம் கல்யாணம் ஆயிற்று. பெண் லட்சுமி, செட்டியார்பட்டிக்காரி, வாயில்லாப் பூச்சி. போன வாரம் என் கொல்லையில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தபோது அந்தப் பின்கட்டிலிருந்து முனகல் கேட்டது. நீ போன பிறகு அந்த வீட்டு வாசலை நான் மிதித்ததில்லை. அன்றைக்கு மிதித்தேன்.

"நாள் தள்ளிப் போச்சுக்கா. இப்ப லேசாப் படுது. வயிறு இழுத்துப் புடிக்கி. தூரத்து வலிதான்னு அத்தை சொல்லுதாவ" என்றாள்.

"எந்திரி" என்றேன். கையைப் பிடித்து அடுப்படி வழியாக, சாமி படத்துக்கு முன்னால், நடுவீட்டில் நடத்திக் கூட்டிவந்தேன். "ஐயையோ தீட்டு, தீட்டு!" என்று கிழவி தலையில் அடித்துக்கொண்டாள். நன்றாக அடித்துக்கொள்ளட்டும். ஆட்டோ பிடித்து ஸ்ரீவில்லிபுத்தூர் போய் டெஸ்ட் எடுத்தோம். டாக்டரம்மா வயிற்றையும் அமுக்கிப் பார்த்துவிட்டு, கரு ஒன்றும் இல்லை, தள்ளிப்போன மாதவிலக்குதான் என்றார்.

திரும்பி வந்தால் வாசலிலேயே நிற்கிறாள். முகம் பூராவும் சிரிப்பு. "நான் சொல்லல? மூஞ்சியப் பாத்தே சொன்னேம்லா?"

"சொன்னீய அத்தே. எங்கக்காவுக்கும் இதையேதான் சொன்னீய" என்றேன்.

கிழவி உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

நேற்று லட்சுமி வந்து, "வீணா அலைய விட்டுட்டேன்க்கா, ஒண்ணுமில்லன்னுதான வந்துச்சு" என்று தலையைக் குனிந்துகொண்டு சொல்கிறாள். எனக்கு வந்ததே கோபம்! "அடுத்த தடவையும் சொல்லு, கூட்டிட்டுப் போறேன். அப்பவும் ஒண்ணுமில்லன்னா பொறவும் சொல்லு" என்றேன். உனக்கும் அதைத்தான் சொல்கிறேன் அக்கா. எனக்குக் கால் நடக்கிற வரைக்கும், அந்த வீட்டுப் பெண் எத்தனை தடவை வலிக்கிறது என்றாலும் அத்தனை தடவையும் கூட்டிப்போவேன். உனக்கு ஒரே ஒரு தடவை போதுமாயிருந்தது.

உன் கூடப்பிறந்தவள்,
பேச்சியம்மாள்