டி டிரைவைத் தொடாமல்

மார்ச் 4, செவ்வாய்

இரண்டு மெஷின்களும் இன்று காலை வீட்டுக்குள் வந்தன. இறக்கும்போது இருந்தவர்கள்: நான், என் வீட்டுக்காரர், கொழுந்தனார், கொழுந்தனார் மனைவி சின்னவள், அவள் இடுப்பில் பாப்பா, வேன் டிரைவர். தூக்கியது டிரைவரும் வீட்டுக்காரரும். கொழுந்தனார் வழி சொன்னார்.

"இது கம்ப்யூட்டரா, பீரோவாம்மா?" என்றார் டிரைவர். கனம் அப்படி. வரைபட ஆபீஸ் ஒன்றை மூடியவர், வீட்டுக்காரருக்குப் பழக்கம், "வச்சிருந்தா தூசிதான் சேரும், எடுத்துட்டுப் போங்க" என்று சும்மாவே கொடுத்தது. ஒர்க் ஸ்டேஷன் என்று பெயர். பத்து வருடத்துக்கு மேல் பழசு.

காரியம் சின்னவளுடையது. கல்யாணத்துக்கு முன் கட்டட வரைபடம் போட்டுச் சம்பாதித்தவள். பாப்பா பிறந்ததும் நின்றுபோயிற்று. இப்போது ஒரு இஞ்சினியர், சொந்த மெஷின் இருந்தால் வீட்டிலிருந்தே வேலை தருகிறேன் என்கிறார். முதலில் ஒரு வீட்டின் தரைத்தளத்தை வரைந்து காட்ட வேண்டும். அடுத்த செவ்வாய்க்குள். தவறினால் வேறு ஆள்.

"கை மறந்துபோச்சோன்னு இருக்குக்கா."

"கையை நீ பாரு. மெஷினை நான் பாத்துக்கறேன்."

சொல்லிவிட்டேன். சொன்னதைச் செய்யும் தெம்பைக் கடவுள் கொடுப்பார்.

மார்ச் 5, புதன்

முதல் மெஷின் பாஸ்வேர்டு கேட்கிறது. யாருக்கும் தெரியாது. தெரிந்தாலும் அதிலிருக்கும் பழைய விண்டோஸ் எழுந்து உட்காருவதற்குள் துணி துவைத்துக் காயப்போட்டு வந்துவிடலாம்.

லினக்ஸ் போடுவதென்று முடிவு. யாரும் சொல்லிக்கொடுத்ததில்லை. அடுப்பு வேலைக்கு நடுவில் போனில் படித்துப் படித்தே வீட்டுக்காரரின் செத்த லேப்டாப்பை எழுப்பினேன். எதிர்வீட்டு டீச்சருடையதையும். வரைபடம் போடும் மென்பொருள் லினக்ஸில் இலவசமாகவே கிடைக்கிறது. இஞ்சினியரிடம் கேட்டுவிட்டாள் சின்னவள். "எதுல வேணாலும் வரைங்க, ஃபைல் என்கிட்ட திறந்தா சரி" என்றாராம்.

சிவப்புப் பென்டிரைவில் லினக்ஸை ஏற்றி வைத்தேன்.

மார்ச் 6, வியாழன்

பென்டிரைவிலிருந்து மெஷினை எழுப்பி, டிஸ்குக்குள் என்ன இருக்கிறது என்று பார்த்தேன். மேல் ஐநூறு ஜிபி என்று ஒட்டியிருக்கிறது, உள்ளே காட்டுவது நானூற்று அறுபத்தைந்து. (எல்லா டிஸ்கும் இப்படித்தான். முதல் தடவை கடைக்காரரிடம் சண்டைக்கே போயிருக்கிறேன்.) அதில் சி டிரைவும் விண்டோஸின் சில்லறையும் சேர்ந்து அறுபத்தைந்து. டி டிரைவ் நானூறு.

அந்த டி முழுக்க ஆபீஸ்காரரின் வரைபடங்கள். ஒரு பள்ளிக்கூடத்தின் கூரை, யார் யாருடைய வீடுகளோ, எங்கேயோ ஒரு மாடிப்படி - அது மட்டும் ஒன்பது தரம் திருத்தி வரைந்தது.

"எல்லாத்தையும் அழிச்சிடுங்க அண்ணி. அவரே வேணாம்னுதானே குடுத்தாரு?" என்றார் கொழுந்தனார்.

வேண்டாம் என்றது மெஷினை. உள்ளே இருப்பதையுமா? அவர் ஆபீஸை மூடிவிட்டு வேறு ஊரில் மகள் வீட்டுக்குப் போய்விட்டார். போன் அடிக்கிறது, எடுப்பாரில்லை. கேட்காமல் பிறர் உழைப்பை அழித்துவிட்டு நான் எந்த முகத்தோடு பிரார்த்தனையில் உட்காருவேன்?

டி இருந்த இடத்தில் இருக்கட்டும். அறுபத்தைந்தில் குடித்தனம் நடத்த முடியாதா என்ன.

மார்ச் 7, வெள்ளி

சியைக் கலைத்தேன். லினக்ஸுக்கு இருபத்தைந்து, மெமரி போதாமல் போனால் கைமாற்றுக்கு ஒரு நான்கு, சின்னவளின் கோப்புகளுக்கு முப்பத்தாறு. கூட்டிப் பார்த்தேன், சரியாக இருந்தது. இந்தப் பழைய முறையில் ஒரு டிஸ்கை நேராக நான்கு பாகமாகத்தான் பிரிக்கலாம். இந்த மூன்றும் டியும் சேர்ந்து நான்கு. கச்சிதம்.

'மாற்றங்களை டிஸ்கில் எழுதலாமா? பிறகு திரும்பப் பெற முடியாது' என்று கேட்டது. கை கூப்பிக் கண்ணை மூடினேன்.

"கம்ப்யூட்டரையா கும்பிடற?" என்றார் வீட்டுக்காரர்.

"உங்களைக் கும்பிட்டு என்ன நடந்துச்சு? இதாவது பதில் சொல்லுது."

கடைசியில் பூட் லோடரை எந்த டிஸ்கில் வைக்க என்று கேட்டது. மெஷின் எழுந்ததும் சிஸ்டம் இருக்கும் இடத்தைக் கைகாட்டும் சின்ன நிரல் அது. பட்டியலில் முதலில் இருந்ததைக் காட்டினேன். முடிந்தது, எழுந்தது. டி டிரைவில் ஒரு கோப்பு குறையவில்லை. சின்னவள் பாப்பாவைத் தூக்கி ஒரு சுற்றுச் சுற்றினாள்.

மார்ச் 8, சனி

அவள் வரைகிறாள். பாப்பா என்னிடம்.

மார்ச் 10, திங்கள்

என்ன பண்ணி வச்சிருக்கேன் நான்!

காலையில் இரண்டாவது மெஷினுக்கும் லினக்ஸ் போடலாமென்று, அணைத்திருந்த முதல் மெஷினின் பின்பக்கத்திலிருந்து பென்டிரைவை உருவினேன். அதை இதில் செருகினால், ஏதோ டிஸ்கைக் காணோம் என்று இரண்டு வரி. அவ்வளவுதான், மேலே நகரவில்லை. சரி, அப்புறம் பார்ப்போம் என்றிருக்கும்போது சின்னவள் வந்து முதல் மெஷினைப் போட்டாள். கறுப்புத் திரை. மூலையில் ஒரு கோடு கண்ணடிக்கிறது. வேறு ஒன்றும் இல்லை.

"அக்கா, படம் உள்ள இருக்கு. நாளைக்குக் குடுக்கணும்."

"தெரியுதுடி."

"வேற எங்கயும் காப்பி எடுக்கலக்கா…" அழுகிற மாதிரி ஆகிவிட்டாள்.

வீட்டுக்காரர் கடைக்குப் போன் போட்டார். "கொண்டாங்க சார், ஃபார்மட் அடிச்சுக் குடுத்துடறேன்." வையுங்க போனை என்றேன். ஃபார்மட் அடிக்கவா இத்தனை பாடு? அவ படமும் போயி, அந்த மனுஷனோட படங்களும் போயி - முடியாது.

முகம் கழுவிவிட்டு வந்து உட்கார்ந்தேன். நேற்று ராத்திரி அணைக்கும்வரை நன்றாக இருந்தது. அதற்குப் பின் என்ன மாறியது? நான் ஒன்றும் மாற்றவில்லையே. உருவியது ஒன்றைத்தான். அதைத் திரும்பச் செருகினேன். எழுந்துவிட்டது! படம் இருந்தது. சின்னவள் முதல் வேலையாக அதைப் போனுக்கு அனுப்பிக்கொண்டாள்.

இப்போது புரிகிறது. பட்டியலில் முதலில் இருந்தது பென்டிரைவ். உள்ளே இருக்கும் டிஸ்க் இரண்டாவது. இந்தப் பழைய மெஷின்கள் சில அப்படித்தான் வரிசை போடுமாம். வீட்டுக் கணக்கு நோட்டில் முதல் வரி எப்போதும் பெரிய செலவு, அந்தப் பழக்கத்தில் முதலில் இருப்பதுதான் பெரியது என்று எடுத்துக்கொண்டேன். பக்கத்திலேயே எட்டு ஜிபி என்று போட்டிருந்திருக்கும், நான் படித்தால்தானே? பூட் லோடர் பென்டிரைவில் போய் உட்கார்ந்துவிட்டது. மூன்று நாளும் அது செருகியே கிடந்ததால் தெரியவில்லை.

கொழுந்தனார் வந்து கேட்டுவிட்டு, "சுருக்கமா சொன்னா, வீட்டைக் கட்டிட்டு வாசலை மட்டும் பையில போட்டுக்கிட்டு சுத்திருக்கீங்க அண்ணி" என்றார்.

"சுத்தினா என்ன, திரும்ப வைக்கத் தெரியும்."

வைத்தேன். மெஷின் ஓடும்போதே, இந்தத் தடவை அளவைப் பார்த்து - நானூற்று அறுபத்தைந்து - பூட் லோடரை அந்த டிஸ்கிலேயே எழுதினேன். ஒரே ஒரு கட்டளை. அணைத்தேன், பென்டிரைவை உருவினேன், போட்டேன்.

எழுந்தது. ஆண்டவனே, நன்றி. இதற்குப் பெரிய வார்த்தை எனக்குத் தெரியாது.

மார்ச் 11, செவ்வாய்

மத்தியானம் அனுப்பினாள். சாயங்காலம் இஞ்சினியர் பேசினார். ஸ்பீக்கரில் போட்டாள். "பாத்ரூம் கதவு திறந்தா வாஷ்பேசின்ல இடிக்குது. அதை மட்டும் மாத்துங்க. நாளைக்கு அடுத்த பிளான் அனுப்பறேன்."

கதவைப் பற்றிச் சொன்னதற்கு அவள் முகத்தில் அவ்வளவு சந்தோஷம். "கை மறக்கலக்கா, கண்ணுதான் கொஞ்சம் மறந்துருக்கு" என்றாள்.

மார்ச் 13, வியாழன்

பென்டிரைவில் புதிதாக ஏற்றி, இரண்டாவது மெஷினையும் முடித்தேன். அதில் டிஸ்க் சின்னது, காலி. வரிசையை நம்பவில்லை, அளவைப் படித்தேன்.

ஏப்ரல் 22, செவ்வாய்

ஆபீஸ்காரரின் மகள் போனை எடுத்தாள். "அப்பாகிட்ட கேட்டுச் சொல்றேங்க." குரலில் அவசரம். சொல்வாளா?

மே 9, வெள்ளி

வரைந்ததில் அளவுகளைக் கூட்டிச் சரிபார்ப்பது இப்போது என் வேலை, இரண்டாவது மெஷினில். சுவர், கதவு, சுவர் - கூட்டினால் மொத்த நீளம் வர வேண்டும். நேற்று ஒரு அறை ஒன்பது அங்குலம் காணாமல் போயிருந்தது. பிடித்துக் கொடுத்தேன். "கணக்குப்பிள்ளை" என்று பெயர் வைத்திருக்கிறாள் சின்னவள்.

ஜூன் 14, சனி

மகள் விலாசம் கொடுத்தாள், பதில் மட்டும் வரவில்லை. ஆபீஸ்காரருக்கு இன்று தபாலில் போட்டதன் நகல்:

ஐயா, வணக்கம். நீங்கள் கொடுத்த இரண்டு மெஷின்களும் நன்றாக ஓடுகின்றன. உங்கள் வரைபடங்கள் டி டிரைவில் அப்படியே உள்ளன, ஒன்றையும் திருத்தவில்லை. அந்த மாடிப்படியை மட்டும் என் ஓரகத்தி திறந்து பார்த்தாள். கடைசியாக வரைந்ததுதான் சரி என்கிறாள். அவளுக்கு இப்போது இரண்டு இஞ்சினியர்கள் வேலை தருகிறார்கள். கட்டும் இடத்தில் எடுத்த வீடியோக்களையும் சேர்த்து அனுப்புவதால், எங்கள் பக்கத்து முப்பத்தாறு ஜிபியில் இரண்டுதான் மிச்சம், இரண்டாவது மெஷினின் சின்ன டிஸ்கும் நிரம்பிவிட்டது. உங்களுக்கு வேண்டுமென்றால் எல்லாவற்றையும் தனி டிஸ்கில் ஏற்றி அனுப்பி வைக்கிறோம். வேண்டாமென்றால் வேண்டாம் என்று உங்கள் கையால் ஒரு வரி எழுதுங்கள், அது போதும். நீங்கள் சொல்லாமல் தொடமாட்டேன். திங்கட்கிழமை புது வேலை வருகிறது. தயவுசெய்து சீக்கிரம் பதில் போடுங்கள்.