இரண்டாம் பீரங்கியிலிருந்து அறுநூற்று நாற்பது தப்படி

1942 டிசம்பர் 3, வியாழன்

மழை. பாலைவனத்தில் சேறு. தேநீரில் வழக்கம்போல் பெட்ரோல் வாடை.

மாலையில் மேஜர் கூப்பிட்டார். ஜூலைச் சண்டையில் செத்த நம் பீரங்கி அணி ஆட்கள் நால்வரையும் முறையாகப் பதிவுசெய்யக் கல்லறைப் பிரிவு வருகிறதாம். அன்று புதைத்த இடத்தை அளந்து குறித்தவன் நான்.

"நீ போய்க் காட்டிட்டு வந்துடு, ஸ்டேவ்லி. பர்டியோட அம்மா மூணாவது கடுதாசி போட்டுட்டாங்க. புள்ள எங்க படுத்திருக்கான்னு கேக்குறாங்க. எனக்குப் பதில் எழுத முகமில்ல."

குறிப்பேட்டைப் புரட்டினேன். இரண்டாம் பீரங்கிக் குழியிலிருந்து 118 டிகிரி, 640 தப்படி. என் கையெழுத்துதான். அரை நாள் வேலை.

டிசம்பர் 4

எங்கள் ஊர் ஹல்லில் குண்டு விழுந்து என் மனைவி ஐவி போய் இன்றோடு ஏழு மாதம். முகம் மழித்தேன். வண்டிக்கு எண்ணெய் பார்த்தேன்.

டிசம்பர் 6

காணோம்.

நாங்கள் விட்டுவந்த பிறகு அந்தப் பக்கமெல்லாம் கண்ணிவெடி புதைத்திருக்கிறார்கள். வெடி எடுக்கும் பிரிவின் லெப்டினன்ட் சேல் தன் ஆட்களை வைத்து 118 டிகிரியில் ஒரு ஒற்றையடிப் பாதை போட்டுக் கொடுத்தார். அதை விட்டு ஒரு அடி விலக முடியாது. பீரங்கிக் குழி அப்படியே இருந்தது. 640 தப்படி நடந்தேன். சிலுவைகள் போயிருக்கும் என்று தெரியும். தோண்டினோம். நெளிந்த ஜெர்மன் தண்ணீர் டின் ஒன்று கிடைத்தது.

"என்னப்பா, உங்க ஆளுங்க எழுந்து நடந்து போயிட்டாங்களா?" என்றார் சேல்.

"என் எண்ணு சரிதான், சார்."

"எண்ணு சரிதான். ஆளைத்தான் காணோம்."

எங்கள் படைப்பிரிவு சனிக்கிழமை கிளம்புகிறது. அதற்குள் காட்டாவிட்டால் 'புதைத்த இடம் தெரியவில்லை' என்று எழுதிவிட்டுக் கல்லறைப் பிரிவும் போய்விடும். நாலு பேருக்கும் அதுதான் கடைசி வரி.

டிசம்பர் 7

எல்லாவற்றையும் திரும்பப் பார்த்தேன். என் தப்படிக் கணக்கு சரி. வரைபடம் சரி. திசைகாட்டியில் பிழை அரை டிகிரிகூட இல்லை. பிறகு எப்படி? துறைமுக அலுவலகத்தில் நாலு வருஷம் வரைபடம் போட்டவன். நான் போட்ட கோடு எதுவும் கோணினதில்லை.

டிசம்பர் 8

இரண்டாம் பீரங்கியின் சார்ஜென்ட் ஆக்டனிடம் போனேன். புதைத்தபோது அவரும் இருந்தார். வண்டிக்கடியில் படுத்துக்கொண்டு சாக்ஸ் தைத்துக்கொண்டிருந்தார்.

"வாங்க கணக்குப்புலி. புலிக்கு வழி தெரியலையாமே?"

"அன்னிக்கு நான் எங்க நின்னு அளந்தேன், சார்ஜென்ட்?"

சிரிப்பு நின்றது. "உனக்கு ஞாபகம் இல்லையா?"

இல்லை. அந்த நாளில் எதுவுமே இல்லை. புத்தகத்தில் கிழித்த பக்கம் மாதிரி.

"பீரங்கிச் சக்கரத்துல சாஞ்சு நின்ன. இடது சக்கரம். உன் வீட்டம்மா போன சேதியோட உன் மாமனார் கடுதாசி அன்னிக்குக் காலையிலதானடா வந்துச்சு. உனக்குக் காலு ஊனல. புடிக்க வந்தேன், கையத் தட்டி விட்டுட்ட. நல்லாத்தான் இருக்கேன், தள்ளிப் போங்கன்னு கத்துன."

சக்கரத்தில் சாய்ந்துகொண்டு. கையில் திசைகாட்டி.

ஏறக்குறைய ரெண்டு டன் இரும்பு! முள்ளு எப்படி வடக்கப் பாத்து நிக்கும்? பீரங்கிய விட்டு அம்பது தப்படி தள்ளி நில்லு, தலைக்கவசத்தக் கழட்டி வை — புதுசா வர்றவனுக்கு மொத நாளே நான் சொல்லிக் குடுக்குற பாடம் இது. நானே. வேற எவனும் இல்ல, நான்தான்.

டிசம்பர் 9

மேஜரிடம் சொல்லிவிட்டேன். அவர் திட்டவில்லை. எத்தனை டிகிரி இழுத்திருக்கும், கழித்துவிடலாமே என்றார். தாளில் கழிக்க முடியாது. இரும்பு எந்தப் பக்கம், எவ்வளவு கிட்டத்தில் என்பதைப் பொறுத்தது அது. அதே குழியில் அதே பீரங்கியை நிறுத்தி, அதே சக்கரத்தில் சாய்ந்து, திரும்பப் பார்க்க வேண்டும்.

"ஒரு தப்பத் திருப்பிப் பண்றதுக்கு நாப்பது மைல் பீரங்கிய இழுத்துட்டுப் போகணும்ங்கிற?"

"ஆமா, சார்."

"நிச்சயமாத் தெரியுமா?"

"தெரியும், சார்."

உண்மையிலேயே தெரியும். அனுமதி கொடுத்தார்.

டிசம்பர் 11, வெள்ளி

விடியும்போதே கிளம்பினோம். ஆக்டனின் ஆட்கள் பீரங்கியைக் குழிக்குள் தள்ளி, ஜூலையில் சுட்ட திசைக்கே திருப்பினார்கள். "கல்யாண மாப்பிள்ளைக்குக்கூட இவ்வளவு பாத்து எடம் போட மாட்டாங்கடா" என்று ஒருவன் முனகினான்.

தலைக்கவசத்தோடு இடது சக்கரத்தில் சாய்ந்தேன். "இன்னும் கீழ. பாதி உக்காந்த மாதிரி இருந்த" என்றார் ஆக்டன். கீழே சரிந்தேன். இரும்பு சில்லென்றிருந்தது. முள் அலைந்து நின்றது. மெதுவாகத் திரும்பினேன். 118 வந்தபோது, தூரத்து மேட்டில் எரிந்து கிடந்த ஒரு டாங்கிக்கு நேராக நின்றிருந்தேன். முந்தைய பாதை அதற்கு வெகு வலது பக்கம்.

பீரங்கியை இழுத்துப்போன பிறகு அதே டாங்கியின் திசையை அளந்தேன். 107. பதினொரு டிகிரி பிழை.

சேல் டாங்கிக்கு நேராகப் புதுப் பாதை போட மூன்று மணியாயிற்று. வழியில் ஏழு வெடி. 631-ஆவது தப்படியில் மண்வெட்டி போர்வையில் பட்டது.

நால்வரும் பக்கத்தில் பக்கத்தில். கோய்ல், லாம்ப், டிரான்டர், பர்டி. கழுத்து வில்லைகளை நானே படித்துச் சொன்னேன்.

ஆக்டன் தொப்பியைக் கழற்றினார். "இங்கதான்டா இருக்கீங்களா..." என்றார்.

"ஒம்பது தப்படி ஒதைக்குதே, ஸ்டேவ்லி?" என்றார் சேல், மெதுவாகத்தான்.

"அன்னிக்குத் தப்படிய சின்னதா வச்சிருப்பேன், சார்."

டிசம்பர் 12

நண்பகலில் கிளம்புகிறோம். பர்டியின் அம்மாவுக்கு மேஜர் எழுதிய கடிதத்தில், இடத்தை விளக்கும் பகுதியை என்னை எழுதச் சொன்னார். எழுதினேன். இத்தனை நாள் தாமதம் என் பிழையால் என்றும் சேர்த்தேன். மேஜர் படித்தார், அந்த வரியை அடிக்கவில்லை.

பிறகு இன்னொரு தாள் எடுத்தேன். மாமாவுக்கு.

ஐவியை எங்கே வைத்தார்கள் என்று நான் இதுவரை கேட்டதே இல்லை. கல்லறைத் தோட்டத்து வாசலில் நுழைந்தால் எந்தப் பக்கம், எத்தனை தப்படி என்று கேட்டிருக்கிறேன். மாமா தாங்கித் தாங்கி நடப்பவர், தப்படி குட்டை. பரவாயில்லை, எண்ணி அனுப்பட்டும். நான் சரிசெய்துகொள்வேன்.